ஒட்டாத மண்

வேல்ஸில் மழையில்லாமல் ஒரு பள்ளிச் சுற்றுலா நடந்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றும் கொட்டித் தீர்த்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கெல்ட் ஜனங்களைப் போல வட்டவீட்டுக்குச் சுவர் வைக்க, ஆறாம் வகுப்பு நனைந்துகொண்டு நின்றது.

ஹெலெத் ஒரே தீர்மானத்தோடு வந்திருந்தாள். இன்றைக்கு ஒருத்தரும் தன்னைச் 'சாணி' என்று கூப்பிடக் கூடாது. அப்பாவின் மாட்டுப்பண்ணையிலிருந்து டவுன் பள்ளிக்கு வந்த முதல் நாளே கெத்தின் என்கிற பாவி வைத்த பெயர் அது. ஒரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் போகவில்லை.

சுவர் வைக்கக் கற்றுத்தரும் மாரெட், கம்பளிப் போர்வையும் ரப்பர் பூட்ஸுமாக வந்து, வகுப்பை டீம் டீமாகப் பிரித்து, டீமுக்கு ஒரு தட்டியும் மூன்று வாளிகளும் வைத்தாள். "களிமண், வைக்கோல், சாணி. மூணையும் காலால மிதிச்சு இந்தக் குச்சித் தட்டியில அப்புங்க. மூணு மணிக்கு நிக்கிற தட்டி வீட்டுச் சுவராகும். விழுந்தது விழுந்ததுதான்."

"உவ்வே! சாணிய எவன் தொடுவான்?" கெத்தின் அந்த வாளியை மட்டும் வேலிக்குப் பின்னால் தள்ளினான். "நமக்குத்தான் ஏற்கெனவே ஒரு சாணி இருக்கே!"

டீமே சிரித்தது. ஹெலெத் எக்கேடும் கெடட்டும் என்று இருந்துவிட்டாள்.

அப்பிய மண் பொத்தென்று விழுந்தது. மறுபடி அப்பினார்கள், மறுபடி விழுந்தது. பக்கத்து டீமின் தட்டி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. மணி இரண்டு.

"என்ன எழவுடா இது!" கெத்தினுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹெலெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டில் கதவில் காய்ந்த சாணியைச் சுரண்டி எடுக்க என்ன பாடு என்று அவளுக்குத்தானே தெரியும்! இந்தச் சொகுசுக்காரர்களுக்காக அவள் ஏன் தோற்க வேண்டும்? வேலிக்குப் பின்னால் போய் வாளியைத் தூக்கி வந்து மண்ணில் கவிழ்த்தாள். பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே இறங்கினாள்.

"வேடிக்கை பாக்காதீங்க. இறங்குங்க!"

"நானுமாடி, சா..." கெத்தின் விழுங்கிக்கொண்டான். "நானுமா, ஹெலெத்?"

"நீதான்டா மொதல்ல!"

இறங்கினான். எல்லோரும் இறங்கினார்கள். மிதித்து, அள்ளி, அறைந்து அப்பினார்கள். மூன்று மணிக்கு மாரெட் வந்து தட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். ஒரு பொட்டு மண் உதிரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கெத்தின் ஐந்தாவது ஈரத்தாளால் கையைத் தேய்த்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்தான்.

"எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குதே, ஹெலெத்!"

"தெரியும்டா," என்றாள் அவள். "நான் ஒரு மாசமா தேச்சேன்."