பெருவளைய இணைப்பு, நடுத்தர அளவு

என் நாத்தனாருக்கு எங்கள் கிடங்கில் வைத்திருந்த பெயர் கேள்விக்குறி. வைத்தது நான் இல்லை. வைத்த புண்ணியவானுக்கு என் நன்றி. முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்பாள், வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். இந்தப் பெட்டி ஏன் இங்கே இருக்கிறது, அது ஏன் அங்கே இல்லை, நேற்று வந்த லாரியை ஏன் இன்னும் இறக்கவில்லை, இறக்க வேண்டியவர் ஏன் தூங்குகிறார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு சுமை இறக்குபவர்கள் அவள் தலையைக் கண்டாலே இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் மறைய ஆரம்பித்தார்கள்.

அவள் செய்துகொண்டிருந்தது முனைவர் பட்ட ஆய்வு. ஒரு பொருள் தொழிற்சாலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் போகிறதே, அந்த வழி நெடுக மனிதர்கள் எங்கே அவசரப்படுகிறார்கள், எங்கே பயப்படுகிறார்கள் என்பதுதான் விஷயம். இதையே அவள் ஆய்வு மொழியில் சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். நான் அந்தக் கிடங்கின் பொறுப்பாளர். குழாய், திருகாணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று வீடு கட்டுபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் வேண்டியதெல்லாம் எங்களிடமிருந்துதான் கடைகளுக்குப் போகிறது. அந்தக் கடைகளில் ஒன்று என் கணவருடையது. ஆகவே எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கிடங்கு, கடை, ஆய்வு மூன்றும் ஒரே கரண்டிக்குக் கை நீட்டும்.

அந்த வருடம் ஆய்வாளர்களைக் கொஞ்சும் மனநிலையில் நான் இல்லை. எங்கள் கம்பெனிக்கு நகரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கிடங்கு இருக்கிறது. இரண்டில் ஒன்றை மூடப்போவதாகத் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. கடைகள் கேட்டதில் எவ்வளவு கொடுத்தோம் என்ற விழுக்காடுதான் கணக்கு. யாருடையது குறைவோ அவர்கள் கதவைப் பூட்ட வேண்டியதுதான். மறுபக்கத்துக் கிடங்கின் பொறுப்பாளரை எல்லோரும் புன்சிரிப்பு என்பார்கள். மனிதருக்குப் பல்வலி வந்தாலும் அந்தச் சிரிப்பு போகாது. அவருடைய விழுக்காடு எப்போதும் நூறு. ஆர்டர் வந்த உடனே 'அனுப்பியாச்சு' என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு, சரக்கை ஆற அமர அனுப்புவார் என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆதாரம் வேண்டாமா? எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. என் கிடங்கு மூடினால் என் வேலை மட்டும் போகாது. அந்த அலமாரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களின் பிழைப்பும் சேர்ந்து போகும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சாப்பிடுகையில் என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு பொருளை அவர் பல வாரமாகக் கேட்கிறாராம், எங்கள் கிடங்கில் எப்போது பார்த்தாலும் இருப்பு இல்லை என்றே வருகிறதாம். என்ன பொருள் என்று கேட்டேன்.

"பெருவளைய இணைப்பு. நடுத்தர அளவு," என்றார். "எல்லாக் கடையிலயும் கேட்டு வச்சிருக்காங்க. பொண்டாட்டி கிடங்குல இருந்தும் எனக்கு ஒண்ணு கிடைக்கல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அந்தப் பெயரை நான் அறிவேன். மாதக்கணக்காக என் பற்றாக்குறைப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு என் விழுக்காட்டைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். அது குழாய்ப் பிரிவுச் சாமான் என்று நான் நினைத்திருந்தேன். குழாய்ப் பிரிவில் கேட்டால் மின்சாமான் பிரிவைக் காட்டினார்கள். மின்சாமான் பிரிவில் ஏதோ பெரிய மனிதரைப் பற்றிக் கேட்டதுபோல மரியாதையாகத் தலையாட்டினார்கள். என்ன பொருள் அது என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு வெட்கம். பொறுப்பாளருக்கே தெரியாதா என்று யாராவது கேட்டுவிட்டால்? ஆனால் கணவரிடம் வெட்கம் எதற்கு? அது எதற்குப் பயன்படும் என்று கேட்டேன்.

"எதுக்குன்னு தெரியாமயா இத்தனை பேர் கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தாள், இருமினாள், கண்ணைத் துடைத்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு எங்கேயோ பொறி தட்டியது. பாத்திரம் எடுத்து வைக்கும் சாக்கில் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

அவள் மறைக்கவில்லை. அப்படி ஒரு பொருளே கிடையாது என்றாள். கிடைக்காத பொருளை மனிதர்கள் எப்படித் துரத்துகிறார்கள் என்று பார்ப்பதற்காக அவளே அந்தப் பெயரைக் கட்டி, இரண்டு கிடங்குகளுக்கும் பொதுவான பொருள் வரிசையில் நுழைத்திருக்கிறாள். முதலில் ஒரு கடைக்காரர் கை தவறி ஒன்று கேட்டிருக்கிறார். இருப்பு இல்லை என்று பதில் போயிருக்கிறது. அவ்வளவுதான். இல்லை என்றதும் அவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கேட்டால் பாதிதான் தருவார்கள் என்று இரட்டிப்பாகக் கேட்டார். அவர் கேட்பது தெரிந்து பக்கத்துக் கடைக்காரர் அதைவிடக் கூடுதலாகக் கேட்டார். இங்கே கிடைக்காது என்று புன்சிரிப்பிடமும் சேர்த்துக் கேட்டார்கள். பெயரிலேயே பெரியதும் நடுத்தரமும் முட்டிக்கொள்கின்றனவே, யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவள் முதல் வாரம் முழுக்கப் பயந்தாளாம். ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லையாம். கேட்காதவர்களில் நானும் ஒருத்தி என்பதை அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

யாருடைய கடவுச்சொல்லில் நுழைத்தாய் என்று கேட்டேன். உங்களுடையதுதான் அண்ணி என்றாள். எண்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் கொடுத்திருந்தேன். பார்க்கக் கொடுத்தால் இவள் குடியே ஏறிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த மூடியை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அதனால் அவளுக்குக் கேடு வரும் என்பதற்காக இல்லை, மூடி புதிது என்பதற்காக விட்டேன்.

தலைமை அலுவலக அதிகாரி வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொருளை வரிசையிலிருந்து அழித்துவிடலாம் என்றால் கம்ப்யூட்டர் விடவில்லை. ஆர்டர் நிலுவையில் இருக்கும் பொருளை அழிக்க முடியாதாம். கடைக்காரர்களிடம் ஆர்டரை ரத்து செய்யச் சொன்னால், இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று சண்டைக்கு வந்தார்கள். அப்போது நாத்தனார் ஒரு வழி சொன்னாள். இல்லை என்பதால்தானே கேட்கிறார்கள், நிறைய இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள் என்றாள். ஒருவர்கூட ரத்து செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஆய்வுக்கு அது இன்னும் நல்லது என்றாள். இவளை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்துகிறேன் என்றால் எனக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்வது?

வேறு வழி தெரியாமல் எல்லாக் கடைக்கும் செய்தி அனுப்பினேன். பெருவளைய இணைப்பு மலைபோல வந்து குவிந்திருக்கிறது, கேட்டது முழுவதும் நாளைக்கே அனுப்பப்படும், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையிலேயே ரத்துகள் வரத் தொடங்கின. இப்போதைக்கு வேண்டாம் என்றார் ஒருவர். கடையில் இடமில்லை என்றார் இன்னொருவர். அந்த மாடல் இப்போது ஓடுவதில்லை என்றார் மூன்றாமவர். அவரை நான் மனதுக்குள் கும்பிட்டேன். மதியத்துக்குள் பட்டியல் துடைத்ததுபோல ஆகிவிட்டது, ஒரே ஒரு ஆர்டரைத் தவிர. எண்ணிக்கை ஒன்று. கடை என் கணவருடையது. உண்மையை மட்டும் சொல்லாமல், வேண்டாம் என்று வீட்டில் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்றால் இனிமேல் இது தன்னிடம் மட்டும்தான் இருக்கும் என்றார். அண்ணன் தங்கை இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு எங்காவது அனுப்பிவிடலாம் போல இருந்தது.

இவ்வளவு பாடுபட்டும் தலைமை அலுவலகத்துக் கணக்கில் ரத்தான ஆர்டரும் கொடுக்காத ஆர்டர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. விழுக்காடு ஏறவே இல்லை. அதிகாரி வந்துவிட்டார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, அதே கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைக்கும் மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மத்த எல்லாத்திலயும் நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, மேடம். இந்த ஒரு அயிட்டம்தான் உங்களை இழுத்துட்டுது. நீங்க ஒண்ணுகூடக் கொடுக்கல. அங்க கேட்டது அத்தனையும் கொடுத்திருக்கார். எப்படி?"

இல்லாத பொருளை நுழைத்தது என் கடவுச்சொல்லில் என்று சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் கிடங்கே போகும். மூலையில் நின்ற நாத்தனாரைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண் மட்டும் என்னவோ சொன்னது. அப்போதுதான் அதிகாரி கடைசியாகச் சொன்னது எனக்கு உறைத்தது. கேட்டது அத்தனையும் கொடுத்திருக்கிறார்.

"அப்படின்னா அவர்கிட்ட இருக்கும், சார்," என்றேன். "ரெண்டு இங்க அனுப்பச் சொல்லுங்களேன். ஒரு கடை இன்னும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கு."

நியாயமான வேண்டுகோள் என்று அதிகாரிக்குப் பட்டது. அங்கேயே போன் போட்டார். புன்சிரிப்பின் குரல் அறை முழுவதும் கேட்டது; குரலிலும் சிரிப்புதான். இதெல்லாம் ஒரு விஷயமா, மத்தியானத்துக்குள் வண்டியில் வந்து சேரும் என்றார். அது என்ன பொருள் என்று அவரும் கேட்கவில்லை. பாவம், அவரும் எங்களைப்போல ஒருவர்தானே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே காகிதம் சுற்றி இரண்டு சாமான். இரண்டும் உள்ளங்கை அகல இரும்பு வளையம், விளிம்பில் காதுபோல நீட்டிய துண்டு ஒன்றுக்கு இரண்டு, மற்றதற்கு மூன்று. அதிகாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு வண்ணம் இன்னும் காயவில்லை. அவருடைய ஐந்து விரலிலும் அப்பிக்கொண்டது. அவர் வளையத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதுதானா அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்து நின்றாள். அந்த வளைந்த முதுகு அன்றைக்கு நேராக இருந்தது.

"அப்படி ஒரு சாமானே கிடையாது, சார். ஆராய்ச்சிக்காக நான்தான் அந்தப் பேரைப் போட்டேன். அண்ணிக்கு ரொம்ப நாள் தெரியாது. நடவடிக்கை எடுக்கணும்னா என்மேல எடுங்க, என் ஆராய்ச்சியை வேணும்னாலும் நிறுத்திடுங்க. அண்ணி கிடங்கை மூடாதீங்க."

அவளுடைய நான்கு வருட உழைப்பு அந்த ஆராய்ச்சி. அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டாள். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இவளை இனி யாராவது கேள்விக்குறி என்று கூப்பிட்டால் நான்தான் சண்டைக்குப் போவேன் என்று தோன்றியது. கடவுச்சொல்லைக் கொடுத்தது நான், சார், அது என் தப்பு என்று நானும் சொன்னேன்.

அதிகாரி வளையத்தை உயர்த்திப் பிடித்து, அப்படியானால் இது என்ன என்று கேட்டார்.

"அதைத்தான் சார் நானும் கேக்கணும்னு நெனச்சேன்," என்றாள் நாத்தனார்.

அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று காது வளையத்தைத் தன்னுடைய மடிப்புக் கலையாத கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, நேராக மறுபக்கத்துக் கிடங்குக்கு வண்டியை விடச் சொன்னார். 'அனுப்பியாச்சு' என்று அங்கே பதிந்திருந்ததில் எது எது உண்மையில் அனுப்பப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. கடவுச்சொல் விஷயத்துக்காக எனக்குக் கடுமையான எச்சரிக்கை. மற்றபடி எங்கள் கிடங்கு இருக்கும். அங்கே சுமை இறக்கியவர்களும் ஓட்டுநர்களும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். புன்சிரிப்பு வரவில்லை. நாத்தனாரின் ஆய்வை யாரும் நிறுத்தவில்லை. அதில் ஒரு அத்தியாயம் கூடிவிட்டது. அவளுக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறார்கள், பார்க்க மட்டும்.

முடிவு வந்த அன்று மேஜையில் மிச்சமிருந்த இரண்டு காது வளையத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவர் கையில் கொடுத்தேன். கடைசியில் உங்கள் பெருவளைய இணைப்பு வந்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாத்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதைத் தட்டிப் பார்த்தார். கண்ணருகே வைத்து ஓட்டை வழியாக எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு, தொழில் தெரியாதவர்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்போடு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"சாமான் இதேதான். ஆனா இது பெரிய சைஸ். நான் கேட்டது நடுத்தரம்."