பொன்னுதுரை சம்சாரத்தின் அட்டை

அந்த இரும்பு அலமாரி காஜா பெராங்கில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது. ஏன் எரியாது? அங்கே பதினெட்டு வருஷமாக நான்தான் டிரெஸர். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் என் கை. நோயாளிகளின் விவரம் முழுக்க ஒரே ஒரு நீள நோட்டில் இருந்தது. பேர் (பெண்ணென்றால் கூடவே புருஷன் பேரும்), நோவு, கொடுத்த மருந்து. மூன்றே கட்டம். யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தப் பேருக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். ஜாலான் பெண்டஹாரா நகைக்கடை முதலாளி வந்தாலும் சரி, புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன் வந்தாலும் சரி, நோட்டைப் புரட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா ஆன மறு வருஷம் பெரிய டாக்டர் கண்ணை மூடினார். அவர் மகன் தம்பிராஜா லண்டனிலிருந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே கப்பலில் வந்து இறங்கியது இந்த அலமாரி. உள்ளே அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஓரம் முழுக்கத் துளை. ஆணுக்கு வெள்ளை, கல்யாணமான பெண்ணுக்கு ரோஸ், பிள்ளைக்குப் பச்சை. ஒருவரைத் தேட வேண்டுமானால் நீளக் கம்பியைத் துளையில் செருகி, அட்டைக் கட்டைத் தூக்கி உதற வேண்டும். அவருடைய அட்டை மட்டும் கீழே விழுமாம். விழுந்ததோ பத்து அட்டை. மறுபடி கம்பி, மறுபடி உதறல்.

அட்டைக்கு இருபத்துநான்கு கேள்வி வேறு. வீட்டில் எத்தனை அறை? குடிப்பது கிணற்றுத் தண்ணீரா, பைப்புத் தண்ணீரா? பேதி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனிடம் இதைக் கேட்டால் அவன் என்ன செய்வான், பாவம்! நாலாவது கேள்வியிலேயே வாசலில் முடித்துவிட்டுப் போனவனும் உண்டு. கழுவி விட்டது நான்தான்.

"டிரெஸர், இனிமே அந்த நோட்டை யாரும் தொடக்கூடாது. எல்லாம் கார்டுலதான்," என்று டாக்டர் நோட்டைத் தன் மேஜைக்குள் பூட்டினார். அலமாரியைப் பார்த்துக்கொள்ள கோகிலா என்ற பெண்ணை எழுத்து வேலைக் கிராணியாகப் போட்டார். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸானவள். ராவும் பகலும் உட்கார்ந்து என் நோட்டிலிருந்த அத்தனையையும் அட்டையில் ஏற்றினாள், சிவப்புக் கோடு உட்பட. நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளைக் கண்டால் ஆகவில்லை.

ரோஸ் அட்டை புருஷன் பேரில்தான் இருக்கும். லண்டன் வழக்கம். எங்கள் பெண்களோ புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். முதல் மாதம் பூராவும் நான்தான் மருந்து ஜன்னலிலிருந்து, "அது இன்னார் சம்சாரம்" என்று குரல் கொடுத்தேன். அதற்கு ஒரு நன்றி உண்டா? "டிரெஸர், கோகிலா வேலையில தலையிடாதீங்க," என்றார் டாக்டர், அத்தனை பேர் முன்னால். சரிதான், இனி என் வாயைத் திறந்தால் செருப்பால் அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை பூங்காவனம் வந்தாள். ஆணி குத்திக் கால் வீங்கி, காய்ச்சல் அனலாக அடித்தது. போன வருஷம் பென்சிலின் ஊசி போட்டு மூச்சு அடைத்து, பெரிய டாக்டரும் நானுமாகப் போராடிப் பிழைக்க வைத்தவள். சிவப்புக் கோட்டை நான்தான் போட்டேன், இரண்டு தடவை அழுத்தி.

"வீட்டுக்காரர் பேரு என்னக்கா?" என்றாள் கோகிலா.

"அதெப்படிம்மா சொல்றது? பஸ் ஓட்டுறவரு."

"எத்தனையோ பேரு பஸ் ஓட்டுறாங்க. பேரு வேணும்."

"பூங்காவனம்னு பாரேன்."

"ஒங்க பேர்ல தேட முடியாதுக்கா. துளை அப்படிப் போடல."

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வரிசை தெருவரை போய்விட்டது. பூங்காவனம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டிரெஸர் அண்ணனுக்கு எல்லாம் தெரியும்," என்றாள். கோகிலாவும் திரும்பினாள்.

"என்னைக் கேக்காதம்மா. தலையிடக்கூடாதுன்னு ஆர்டர்," என்று மாத்திரையை எண்ணினேன்.

பொன்னுதுரை. என் நாக்கு நுனியில் இருந்தது அந்தப் பேர். சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு, பொய் எதற்கு? கோகிலா புது அட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதினோராவது கேள்வியில் டாக்டர் மணியடித்தார். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்பது பத்தொன்பதாவது. "மிச்சத்த அப்புறம் எழுதிக்கலாம், போங்கக்கா," என்று உள்ளே அனுப்பினாள்.

ஊசி என்றால் டாக்டர் சீட்டு எழுதி என் ஜன்னலுக்கு அனுப்புவார். அதற்காகத்தான் காத்திருந்தேன். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர் முகத்துக்கு நேரே கேட்பேன்: "சார், இந்த அம்மாவுக்கு பென்சிலின் போட்டா உயிரு போயிடும். ஒங்க அலமாரி சொல்லலையா?" இங்கிலீஷிலும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

சீட்டு வரவில்லை. டாக்டர் அறையிலிருந்து ஏதோ கவிழ்ந்து விழும் சத்தம்தான் கேட்டது. வரிசை நீண்டுவிட்டதே என்று டாக்டர் தானே ஊசியைப் போட்டுவிட்டார். இது என்ன ஊசி என்று டாக்டரைக் கேட்கிற பெண்ணா பூங்காவனம்? நான் ஓடிப் போனபோது அவள் தரையில் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. மாற்று ஊசியை நானே குத்தினேன், நெஞ்சை அமுக்கினேன், அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மத்தியானம் அலமாரியில் அவளுடைய ரோஸ் அட்டை கிடைத்தது. சிவப்புக் கோடு அழகாக, நேராக இருந்தது. "டிரெஸருக்குத் தெரியும் சார், அந்தக்காவே சொன்னாங்க," என்று கோகிலா அழுதாள். "தப்பை அடுத்தவங்க தலையில கட்டாதே," என்று டாக்டர் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அலமாரியை விற்றுவிட்டார். நோட்டை என்னிடமே கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் பொன்னுதுரை வந்தான். மொட்டையடித்திருந்தான். ஜன்னல் வழியாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க மட்டும் அவள முன்னாடியே பாத்திருந்தா விட்டிருப்பீங்களா?"

"கூட்டம் தம்பி," என்றேன். "அவ வந்ததே எனக்குத் தெரியல."

அவன் நம்பிவிட்டான்.