இன்னைக்கு இது போதும்

"நீ அம்மாவா? மீசைய என்னடா பண்ணப் போற?" என்று கேட்டாள் டெம்வா.

"கசுங்குல எங்க அத்தைக்கு இதவிடப் பெரிய மீசை." அவள் நாற்காலியில் கிடந்த சிட்டெஞ்சே துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான் கும்போ.

நலவாழ்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் வியாழன்தோறும் ஆறுதல் பயிற்சி. ஒருவர் துயரப்பட்டவராக நடிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் ஆறுதல் சொல்ல வேண்டும். நடிப்பவர் பாதியில் எழுந்துவிடக் கூடாது. எதிரிலிருப்பவர் "இன்னைக்கு இது போதும்" என்று சொன்னால்தான் வேடம் கலையலாம். அது ஆசிரியை நியிரெண்டா அம்மாவின் சட்டம். கும்போவுக்கு வந்த சீட்டில், ஜொகன்னஸ்பர்க் போய்ப் போனே செய்யாத மகனின் தாய் என்று இருந்தது. வேறு சீட்டு தரச் சொல்லி டெம்வா கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவள் அண்ணன் வொங்கானி மழைக்காலத்துக்கு முன்னால் நகாட்டா பே ஏரிக்கரையிலிருந்து மீன்படகில் போனவன். ஆளும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. சனிக்கிழமை துக்கத்தை நடத்தி முடித்துவிடலாம் என்கிறார் மாமா. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரியா என்கிறாள் அம்மா. இருவரும் டெம்வாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் இது யாருக்கும் தெரியாது.

"உங்க மகனப் பத்திச் சொல்லுங்கம்மா."

கும்போ கிழவிபோல் இருமினான். பின்வரிசை சிரித்தது. அவனும் சிரிக்கப் போனவன், ஏனோ நிறுத்திக்கொண்டான்.

"தட்டை எடுத்து வெச்சுட்டாங்க, மகளே. நீலத் தட்டு, விளிம்புல எனாமல் பேந்தது. கோவமா இருக்கான்."

காலையில் அம்மா போனில் அழுததே அதற்குத்தான். மாமா வொங்கானியின் தட்டை எடுத்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டார்.

"யாருடா சொன்னா உனக்கு?"

"அவன்தான். இங்கதானே நிக்கிறான்."

அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. கும்போ புகையிலைக் காட்டுப் பையன். ஏரியைப் படத்தில் மட்டும் பார்த்தவன். திரும்பிப் பார்க்க டெம்வாவுக்குக் கழுத்து வரவில்லை. மற்ற ஜோடிகள் முடித்து நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டெம்வா, நேரமாச்சு. அவன விட்டுடும்மா, பசியில வாடிட்டான்," என்றார் நியிரெண்டா அம்மா, பலகையை அழித்தபடி.

மூன்றே வார்த்தை. சொன்னால் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, எப்படி நடிச்சேன் பாத்தியா என்று பல்லைக் காட்டுவான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருந்தது. டெம்வா அதை விழுங்கிவிட்டு, முழங்கால் முட்டும்படி நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"அவன்கிட்டயே கேளு. சனிக்கிழமை நாங்க அழலாமா?"

கும்போ தலைத்துணியை மெல்ல அவிழ்த்தான். காலையில்தான் அவள் இஸ்திரி போட்ட துணி, மொடமொடவென்று இருந்தது. அதை இரண்டு கைகளாலும் முறுக்கி, நீரிலிருந்து எடுத்ததைப் பிழிவதுபோல் பிழிந்தான். திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் பிழிந்தான். ஒரு சொட்டும் விழவில்லை.

டெம்வா தரையையே பார்த்தாள். பிறகு செருப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, நனையாதபடி கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள்.