இருபத்தேழு பொருத்தங்கள்

பதினொரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. எட்டு வருட உழைப்புக்கு இன்றைக்குத்தான் தீர்ப்பு. முனைவர் பட்டம் கிடைத்தால் விரிவுரையாளர் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கும் மலைப்பக்கத்துச் சின்ன மொழிக் குடும்பம் ஒன்றுக்கும் வேர் ஒன்றே என்று அக்கா ஆய்வேடு எழுதியிருந்தாள். நூறு அடிப்படைச் சொற்களில் இருபத்தாறு ஒலியிலும் பொருளிலும் பொருத்தம்.

ஒன்பது மணிக்குக் கல்லூரி நூலகத்தில் தங்கை ஒரு தாளை நீட்டினாள். மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்ப்பவள். மொழி ஆராய்ச்சியில் இதுவரை மூக்கை நுழைத்ததில்லை.

"அந்தக் குடும்பத்துல புதுசா ஒரு மொழி கெடச்சிருக்காம். அர்த்தத்தோட நூறு சொல்லு. உன் முறைப்படியே பாரேன்."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். 'நீர்' பொருந்தாவிட்டால் 'ஆறு', 'நனை', 'குடி' வரைக்கும் போய்த் துழாவினாள். ஒரு மொழியில் இல்லையென்றால் பக்கத்து மொழி. இந்தோ-ஐரோப்பியம் போல அவ்வளவு பெரிய குடும்பத்தில் சொல்லுக்கா பஞ்சம்? அந்தத் துறையில் பலரும் செய்வதுதான். ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு தேறியது; எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே குறித்துவைத்தாள்.

"பாத்தியா! பழசை விட ஒண்ணு கூடவே!"

தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அது மொழியே இல்ல. கம்ப்யூட்டர் எழுத்தை உருட்டிப் போட்ட பொய்ச்சொல்லு. நாங்க மருந்தோட, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் குடுத்துப் பாப்போம். அதுலயும் அதே அளவு குணமானா, மருந்துக்கு என்ன மரியாதை?"

"இன்னிக்குப் பாத்தா? ஏன்டி என் வயித்துல அடிக்கிற?"

"முந்தாநாள்தான் உன் ஆய்வேட்டை முழுசாப் படிச்சேன். வேற யாராவது கண்டுபிடிச்சா உன் மானம் போயிடுமேன்னு பயந்துட்டேன்."

தாளைக் கிழித்துப் போட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. கிழிக்க மனசு வரவில்லை, சொல்லவும் தைரியம் வரவில்லை. மடித்துக் கோப்புக்குள் வைத்தாள்.

தேர்வறையில் மூன்று பேர். கேள்விகளை அவள் தட்டுத் தடுமாறாமல் சமாளித்தாள். தலைமைத் தேர்வாளர் சிரித்துக்கொண்டே, "பிரமாதம்மா. வேற ஏதாவது காட்டணுமா?" என்றார்.

அவள் தாளை நீட்டினாள். வாய் திறப்பதற்குள் அவர் பென்சிலை எடுத்துவிட்டார்.

"புது மொழியா! அடடா, 'தோள்' உங்க கண்ணுல படலையே? 'சிறகு'ன்னு எடுத்துக்கிட்டா கச்சிதமாப் பொருந்துதே. இருபத்தெட்டு!"

மற்ற இருவரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சொன்னால் தன் பட்டத்தோடு இவர் மானமும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பொய் நாளைக்கே புத்தகத்தில் ஏறிவிடும்.

"ஐயா," என்றாள். "அந்த மொழியைப் பேச ஒரு ஆள்கூடக் கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல."

இருபத்தொன்பதாவது பொருத்தத்தைத் தேடிக்கொண்டிருந்த அவர் பென்சில் நின்றது.