சாகாமல் ஓட ஒரு மருந்து

கரப்பான்பூச்சி என்று டாக்டரம்மா சொன்னதும் அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எது ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வருகிறது என்று எட்டு வயது மகளின் முன்கையில் வரிசையாக ஊசியால் குத்திப் பார்த்ததில் ஒரு இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. வீட்டைத் துடைத்துத் துடைத்தே கை தேய்ந்தவளிடம் வந்து சொல்கிற பேச்சா இது? அதிலும் அவள் புருஷனுக்குப் பிழைப்பே பூச்சிக்கு மருந்தடிப்பதுதான்.

"வீடு அழுக்குன்னு நான் சொல்லலம்மா," என்றார் டாக்டரம்மா. "அதோட எச்சம், உதிர்ந்த தோல் எல்லாம் தூசாகிக் காத்துல கலக்குது. இவளுக்கு அந்தத் தூசு ஆகல. மூச்சுக்குழாய் வீங்கி இழுப்பு வருது. எங்கிருந்து வருதுன்னு பாருங்க. வீட்டுக்குள்ள மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க, அதுவும் இழுப்பைக் கிளப்பும்."

எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. அந்தக் குழாய் நேராகத் தரைத்தளத்து ஓட்டலுக்கு இறங்குகிறது. ஆனால் சில நாள் மட்டும் ஏன் படையெடுத்து வருகின்றன என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் புரிந்தது. பட்டப்பகலில் திபுதிபுவென்று வெளியே வந்தன. துடைப்பத்தால் அடித்துக்கொண்டே குனிந்தவளின் மூக்கில் ஒரு நெடி ஏறியது. அவள் தினமும் துவைக்கிற சட்டையின் நெடி. செவ்வாய்க்கிழமை காலைகளில் ஓட்டலுக்கு மருந்தடிப்பது அவள் புருஷன்தான்.

சாயங்காலம் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை பேசினால் ஒரு இடைவெளி. இன்ஹேலரை நாலு தடவை உறிஞ்சிய பிறகுதான் இழுப்பு கொஞ்சம் தணிந்தது. அந்த நேரம் பார்த்துப் புருஷன் உள்ளே வந்தான்.

"கீழ என்ன மருந்துங்க அடிக்கிறீங்க?"

"எப்பவும் அடிக்கிறதுதான். ஏன்?"

"மருந்து அடிச்சா அங்கயே சாகணும்ல? இங்க ஏன் வருது?"

"சாப்பிட வர்றவங்க கண்ணு முன்னாடி மல்லாந்து கிடந்தா அசிங்கம்னு முதலாளி சொல்லிட்டாரு. அதனால கொல்ற மருந்து இல்ல. நெடி பட்டதும் ஓடிடும். சுத்தமான வேலை."

"ஓடி எங்க போகும்?"

மூன்று வருஷமாக அங்கே மருந்தடித்தும் அவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஊரார் எச்சிலைத் தின்று கொழுத்ததை எல்லாம் வாரம் தவறாமல் பெற்ற மகளின் கட்டிலுக்கு வழி காட்டி அனுப்பியிருக்கிறான் மகராசன். அதற்குப் பெயர் சுத்தமான வேலையாம்!

"நம்ம ஓட்டையை நாளைக்கே சிமெண்ட் வெச்சு அடைச்சிடுறேன்," என்றான்.

"அடைச்சா எதிர்வீட்டுக்குப் போகும். அங்க தவழ்ற குழந்தை இருக்கு. அதுக்கு நெஞ்சு இல்லையா?"

மறுநாள் மதியம் ஓட்டலில் ஒரு மேஜைகூடக் காலி இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கினாள். அவனும் பின்னாலேயே வந்தான். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி சிரித்தார்.

"பூச்சி வராத வீடு ஏதும்மா? போய் வீட்டைச் சுத்தமா வெச்சுக்க."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

அவன் மேஜைகள் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னான்: "இந்த அடுப்படி முழுக்க கரப்பான். நான் கொல்லல. மேல விரட்டி விட்டேன். என் பொண்ணுக்கே இழுப்பு வந்துடுச்சு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்த மேஜையும் எழுந்தது.

"உனக்கு இனி இங்க வேலை இல்லடா!" என்று கத்தினார் முதலாளி.

"பரவால்ல. மூணு நாள் அடுப்படியை மூடுங்க. கொல்ற மருந்தை வெச்சு, சந்து பொந்தெல்லாம் அடைச்சுக் குடுத்துட்டே போறேன். செத்தது கண்ணுல படும். படட்டும்."

முதலாளி காலியாகிக்கொண்டிருந்த மேஜைகளைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"என் பொண்ணோட மூணு வருஷத்து மூச்சை யாரு திருப்பித் தருவீங்க?" என்று கேட்டாள்.

முதலாளியைக் கேட்டாளா, புருஷனைக் கேட்டாளா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.