வேறு வாரிசு இல்லை

மதுரையில் இப்போது தடுக்கி விழுந்தால் மனைத்தரகர் மேல்தான் விழ வேண்டும். மில் வேலைக்கு ஆள் வந்து குவிகிறது. ஊர் தெற்கே வளர்கிறது. நேற்றுவரை வெண்டைக்காய் விளைந்த இடத்தில் கல்லை நட்டு, அதற்கு யாராவது ஒரு பணக்காரர் பெயரை வைத்து 'நகர்' என்கிறார்கள். போன மாதம்வரை புளி விற்றவர் இந்த மாதம் தரகர். அவர் பேச்சை நம்பி நிலத்தில் பணம் போட இன்னொரு கூட்டம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நான் சொல்ல ஒன்று இருக்கிறது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் பெயர் நஜ்முன்னிசா. அம்மா முந்தியே போய்விட்டார். பிறகு அத்தாவும் மவுத்தானபோது வில்லாபுரத்தில் இரண்டு ஏக்கர் தோட்டமும் அதில் ஒரு கிணறும் விட்டுப்போனார். பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன்மார் சிக்கந்தர், பீர் முகமது, கடைசியாக நான். எங்கள் மார்க்கத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. ஆக, என் பங்கு ஐந்தில் ஒன்று. என் புருஷன் பினாங்குக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது, கடிதம் நின்று நான்கு வருடம். தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்த செல்லத்தாய் என் பங்கென்று கொண்டுவந்து போடும் கம்பும் கடலையும் காய்கறியும்தான் என் அடுப்பை எரியவைத்தன. வேறு வரும்படி எனக்குக் கிடையாது.

சிக்கந்தர் அண்ணனுக்குத் தன் கோரைப்பாய்க் கடையைப் பெரிதாக்கும் ஆசை வந்தது. ஆசை வந்த வாசனைக்கே தரகர் வந்துவிட்டார். பெயர் மொக்கைச்சாமி. வாடிப்பட்டிச் சந்தையில் மாட்டுத்தரகு பார்த்தவர். மேலே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டதும் மனைத்தரகர் ஆகிவிட்டார். கோட்டுக்குள் சட்டை இல்லை.

அவர் வந்த அன்று நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வருவதற்கு முன் அந்த மனிதர் வாசலில் நின்று, கிடந்த செருப்புகளை எண்ணினார். ஆண் செருப்பு இரண்டு ஜோடி. பங்காளிகள் இரண்டு பேர் என்று தலையை ஆட்டிக்கொண்டார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினவருக்குக் குடும்பத்தின் வயதையும் வரிசையையும் கண்டுபிடிக்க இது போதும்போல. இந்த வித்தையைத் தெருவெல்லாம் பெருமையாக வேறு சொல்லித் திரிந்திருக்கிறார்.

வாசலில் பெண்கள் செருப்பு கிடக்காது. வீதிக்கே அபூர்வமாகப் போகிறவர்களுக்குச் செருப்பு எதற்கு? இந்த அறிவு அவருக்கு இல்லை.

விலை பேச்சு முற்றுகிற சமயத்தில் திரைக்குப் பின்னாலிருந்து நான் வாயைத் திறந்தேன். "தரகரே, அதுல என் பங்கும் கெடக்கு. என்னையும் கேட்டுப் பேசுங்க."

மொக்கைச்சாமி சிரித்தார். "ஆம்பளைக பேசிக்கிட்டு இருக்கோம் தாயி. நீங்க ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்க, போதும்."

என் அண்ணன்மார் அப்போது அவரைத் திருத்தியிருக்கலாம். பீர் முகமது அண்ணன் கூரையைப் பார்த்தார். சிக்கந்தர் அண்ணன், "அது சும்மா சொல்லும், நீங்க பேசுங்க" என்றார். தண்ணீர் கொடுத்தேன். அந்தச் சொம்பை இப்போதும் நான் தொடுவதில்லை.

நிலத்தை வாங்கினவர் ஹரிராம். விளக்குத்தூண் பக்கம் பட்டுநூல் வியாபாரம். சௌராஷ்டிரக்காரர், நூலில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். நிலம் வாங்கும்போது மண்ணை முகர்ந்து பார்த்தாராம், கிணற்றுத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பருப்பு வேகவைத்துப் பார்த்தாராம், ஜோசியரைக் கூட்டிவந்து வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டாராம். வில்லங்க சர்டிபிகேட்டும் எடுத்திருக்கிறார். அடமானம் இருந்தால் அதில் தெரியும். கூடப்பிறந்த பிறப்பு எந்த சர்டிபிகேட்டில் தெரியும்? "உங்களுக்கு அக்கா தங்கச்சி உண்டா?" என்று ஒரு கேள்வி, அதற்குக் காலணா செலவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவர் வீட்டில் பெண்ணுக்கு நகை உண்டு, நிலம் கிடையாது. தன் வீட்டு வழக்கம்தான் உலகத்துக்கும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு முதல் போடுகிறவரை என்னவென்று சொல்வது?

பத்திரம் முடிந்த சேதியைச் செல்லத்தாய்தான் கொண்டுவந்தாள். மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"எம்புட்டு கல்லு நட்டிருக்காங்கன்னு வந்து பாருங்கக்கா. கடலைச் செடிய அப்படியே மிதிச்சுப்பிட்டாங்க. இனி இங்கிட்டு வராதேன்னு என்னையும் தொரத்திட்டாங்க."

அழுதேன், மறைக்கவில்லை. அடுப்பு போனதற்குப் பாதி, திரைக்குப் பின்னால் நான் பேசியது எல்லோருக்கும் கேட்டிருந்தது என்பதற்குப் பாதி.

ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று செல்லத்தாய் சொல்லியிருந்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜட்கா வண்டி பிடித்துப் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். மொக்கைச்சாமி முன்னால் கையை வீசிக்காட்டி நடக்க, பின்னால் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

"நல்ல மனைதான், வாங்குங்க. எந்த மனைய வாங்குனாலும் அஞ்சுல ஒரு பங்கு என்னது, இன்னும் பிரிக்கல. ஒண்ணா குடியிருப்போம். அடுப்படிய மட்டும் எனக்கு விட்டுருங்க."

முதல் ஆள் மொக்கைச்சாமியைப் பார்த்தார். மொக்கைச்சாமி கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். கால்மணி நேரத்தில் கிணற்று மேட்டில் நானும் செல்லத்தாயும்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் ஹரிராம் என் வீட்டு வாசலில் நின்றார். கூடவே தரகர். முன்பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் திருப்பிக் கேட்கிறார்களாம். ஹரிராம் பத்திரத்தை நீட்டினார்.

"அம்மா, இதுல உங்க பேரே இல்லையே. நீங்களே கேளுங்க." வாசித்தார். "'எங்கள் இருவரைத் தவிர எங்கள் தகப்பனாருக்கு வேறு வாரிசு எவரும் இல்லை.' கீழ உங்க அண்ணன்மார் கையெழுத்து."

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அவர் புரியாமல் வாசித்தார். என் பங்கை மறைத்திருப்பார்கள், சீர் கொடுத்ததில் கழித்துவிட்டோம் என்று எழுதியிருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னையே இல்லை என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. அத்தா தோளில் உட்கார்ந்து அந்தக் கிணற்றை முதலில் எட்டிப்பார்த்தவள் நான். சிக்கந்தர் அண்ணன் அப்போது என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், விழுந்துவிடுவேன் என்று பயந்து.

"பேர் இல்லாட்டி என்ன, ஆள் இருக்கேன்ல" என்றேன். "வக்கீல்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு வாங்க."

வக்கீல் என்ன சொன்னாரோ, சாயங்காலமே ஹரிராம் திரும்பி வந்துவிட்டார். கிணறும் அதைச் சுற்றியுள்ள நிலமும், இரண்டு ஏக்கரில் ஐந்தில் ஒன்று, என் பேருக்கு. மிச்சத்துக்கு நான் கையெழுத்து. அப்படித்தான் எழுதி முடித்தோம். புதுப் பத்திரத்தில் சாட்சியாக என் அண்ணன்மார்தான் வரவேண்டும், 'எங்கள் சகோதரி' என்று எழுதி அதன் கீழ் கையெழுத்துப் போடவேண்டும் என்றேன். போட்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மொக்கைச்சாமி மட்டும் பார்த்தார். இந்தப் பத்திரத்துக்கும் தரகு உண்டா என்று கேட்டார். வெட்கம் என்பதை அந்தக் கோட்டோடு சேர்த்துத் தைக்கவில்லை.

இப்போது கிணற்றடியில் செல்லத்தாய் மறுபடியும் வெண்டை போட்டிருக்கிறாள். என் அடுப்பு எரிகிறது. புதுத் தரகர்களே, முதல் போடுகிறவர்களே, உங்களுக்கான புத்தி இதோடு முடிந்தது. திரைக்குப் பின்னால் குரல் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். மீதி என் வீட்டு விஷயம்.

பக்ரீத் வந்தது. குர்பானிக் கறியை மூன்றாகப் பிரிப்போம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று ஏழைகளுக்கு. வருடா வருடம் என் பங்கைச் சிக்கந்தர் அண்ணனே தூக்குவாளியில் கொண்டுவருவார். இந்த வருடமும் வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தூக்கை நிலைப்படியில் வைத்தார்.

"இந்தா, நஜ்மு. நல்ல எளங்கறி."

நான் எடுக்கவில்லை. முதல் பத்திரத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்கிவைத்திருந்தேன். அதை எடுத்துக்காட்டத் தேவைப்படவில்லை. அதில் இருப்பது அவருக்கே தெரியும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுக் குடுங்கண்ணே" என்றேன். "இது சொந்தக்காரங்க பங்கா, ஏழைங்க பங்கா?"

அண்ணன் தூக்குப் பக்கம் கையை நீட்டினார். தூக்கை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல், கழற்றிப் போட்ட செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.