எசென்குலின் முற்றம்

கம்பளிக் கூடாரத்தின் கயிற்றை எசென்குல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோரும் பெண்கள். புருஷனிடம் அடிபட்டு ஓடிவருபவர்களுக்காக அவர் மனைவி உம்சுனாய் நாரின் நகரத்தில் நடத்திவந்த இல்லத்துப் பெண்கள். நேற்று அங்கே மேசையில் சாய்ந்த உம்சுனாய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இல்லத்தில் அவளுக்கு அடுத்த பொறுப்பில் இருந்த ஜிபாரா முன்னால் வந்தாள்.

“அத்தான், அக்காவக் கிடத்துற கூடாரத்த இல்லத்து வாசல்ல போடலாமே? அக்கா கட்டின இடம். ஊரே அங்கதான் வந்து நிக்குது.”

“உசுரோட இருந்தப்ப உங்களுக்குத்தானே குடுத்தேன்? இப்பப் பொணத்தயும் கேக்குறியா?”

ஜிபாரா மற்றப் பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.

உம்சுனாய்க்கு முதலில் இல்லம், அப்புறம் நகரசபைப் பதவி, அப்புறம் மாகாணமெங்கும் இல்லத்தின் கிளைகள். அவர் ஆட்டுக்கறி வேகவைத்துக் காத்திருப்பார். போன் வரும். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்னொரு ஆண்பிள்ளையென்றால் சட்டையைப் பிடித்திருக்கலாம். கண் வீங்கி வந்து நிற்கும் பெண்களோடு என்ன சண்டை போடுவது? அவருக்குப் பொறாமை. அதை நினைத்து வெட்கப்படுவார், மறுநாள் மறுபடியும் பொறாமைப்படுவார்.

இன்றைக்கு ஜெயித்துவிட்டார். அடக்கம் நாளைக்கு. அதுவரை அவள் அவருடைய முற்றத்தில்தான் இருப்பாள்.

உடலைக் கூடாரத்தின் வலப்பக்கம் கிடத்தித் திரை கட்டினார்கள். பின்னாலேயே உள்ளே போகப் பார்த்தவரின் இடுப்பில் தம்பி மகன் போலோத் துண்டைக் கட்டி, கையில் தடியைக் கொடுத்தான்.

“பெரியப்பா, முறைப்படி நீங்க தடிய ஊனி வெளிய நின்னு அழணும். உள்ள பொம்பளைங்க.”

பெண்கள் உள்ளே போனார்கள். ஜிபாரா ஒப்பாரியைத் தொடங்கினாள்.

“பனியில் வெறுங்காலோடு வந்தேனே, உன் காலுறையைக் கழற்றித் தந்தாயே, அக்கா…”

சாம்பல் நிறக் காலுறையாகத்தான் இருக்கும். பஜாரில் பொறுக்கியெடுத்து அவர் வாங்கிவந்தது. தொலைந்துவிட்டது என்றல்லவா சொன்னாள்! அதற்கும் இவள்தானா?

மெல்லச் சுற்றிவந்து, அவள் தலைமாடு எங்கே வரும் என்று கணக்குப் பண்ணி, அந்த இடத்தில் கம்பளிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டார். நடுவில் அந்தக் கம்பளி மட்டும்தான்.

வெயில் ஏறியது. இன்னும் வேன்கள் வந்தன. கூடாரத்துக்குள் இடமில்லை. உதடு கிழிந்த சின்னப் பெண் ஒருத்தி உள்ளே நுழைய முடியாமல் சுற்றிவந்து அவரெதிரே நின்றாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அண்ணே, எங்க உம்சுனாய் அம்மா எந்தப் பக்கம் படுத்திருக்காங்க?”

எசென்குல் அவளுடைய கிழிந்த உதட்டைப் பார்த்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

“இங்கதான். உக்காரு.”